யோகோ ஹத்தா: வண்ணம் பூசும் மேசையிலிருந்து வளர்ந்த ஒரு ஸ்டுடியோ

#1 செவ்வந்தி

கியோட்டோ அனிமேஷன் பற்றி நம் குழுவில் நிறையப் பேசியாயிற்று. ஹருஹி சுசுமியா தொடர் ஏன் வரிசை மாறி ஒளிபரப்பானது என்று ஒரு இழை, இயக்குநர் நவோகோ யமாதா ஏன் முகத்தை விட்டுக் கால்களைக் காட்டுகிறார் என்று இன்னொன்று. எல்லாமே நல்ல இழைகள்தான். ஆனால் ஒரு பெயர் எதிலும் வரவில்லை. யோகோ ஹத்தா. அந்த ஸ்டுடியோ தொடங்கியதே இவர் கையில்தான்.

இவர் இயக்குநர் இல்லை. படம் வரைபவரும் இல்லை. தோக்கியோவில் ஒஸாமு தெஸுகாவின் முஷி புரொடக்‌ஷனில் 'ஷிஆகே' பிரிவில் வேலை கற்றவர். ஷிஆகே என்றால் முடிப்பு வேலை, அதாவது வரைந்து வரும் படங்களுக்கு வண்ணம் பூசி முடிப்பது. ஹிதேஆகி ஹத்தாவைத் திருமணம் செய்துகொண்டு கியோட்டோவுக்குத் தெற்கே உள்ள உஜி என்ற சிறு நகரத்துக்குக் குடிவந்தார். அந்தக் காலத்து ஜப்பானில் கல்யாணத்தோடு பெண்ணின் வேலை முடிந்துவிடுவதே வழக்கம். ஊரும் மாறிவிட்டது, அனிமேஷன் தொழிலோ முழுக்கத் தோக்கியோவில். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1981-இல் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, தோக்கியோ ஸ்டுடியோக்களின் செல்களுக்கு, அதாவது படம் பதிந்த பிளாஸ்டிக் தாள்களுக்கு, வண்ணம் பூசித் தரத் தொடங்கினார். 1985-இல் அது ஒரு சிறு நிறுவனமாகப் பதிவானது. கணவர் தலைவர், இவர் நிர்வாகக் குழுவில். இன்று உலகமே அறிந்த கியோஆனி அதுதான்.

நான் டிஜிட்டல் பெயிண்ட் வேலையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அதனால் இந்தக் கதை எனக்கு நெருக்கமானது. என் எண்ணம் இது: கியோஆனியிடம் நாம் வியக்கும் பல குணங்கள், அது வண்ணம் பூசுபவரால் தொடங்கப்பட்டதால் வந்தவை. ஒத்துக்கொள்பவர்களும் மறுப்பவர்களும் எழுதுங்கள்.

#2 ஓலைவிசிறி

அக்கா, நான் அனிமே பார்க்க ஆரம்பித்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. தப்பாகக் கேட்டால் மன்னியுங்கள். வண்ணம் பூசுவது கோட்டுக்குள் நிறம் நிரப்புவதுதானே? அதைச் செய்தவரின் பார்வை ஒரு ஸ்டுடியோவையே மாற்றும் என்கிறீர்கள். எப்படி?

#3 செவ்வந்தி

தம்பி, இதில் தப்பே இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மேலே பேச முடியாது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பழைய முறையைப் பார்ப்போம். காகிதத்தில் பென்சிலால் வரைந்த படத்தின் கோடு, செல் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளுக்கு மாற்றப்படும். முதலில் அதையும் கையால் பேனா வைத்தே இழுத்தார்கள். பிறகு கார்பன் வைத்துச் சூட்டில் பதிக்கும் ட்ரேஸ் இயந்திரம் வந்தது. கோடு தாளின் முன்பக்கம் இருக்கும். வண்ணத்தைப் பின்பக்கம் பூச வேண்டும். முன்னால் திருப்பிப் பார்த்தால் தூரிகைத் தடம் தெரியாமல் சமமாக இருக்கும். அரை மணி நேர டிவி அத்தியாயம் ஒன்றுக்கு 3,000 முதல் 5,000 தாள் வரை ஆகும். ஒவ்வொன்றையும் கையுறை போட்டு, விரல் பதியாமல், காய வைத்து அடுக்க வேண்டும்.

வண்ணங்களுக்கு எண்கள் உண்டு. ஆனால் எண் மட்டும் போதாது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் வேறு நிறம். அதோடு, ஒரு காட்சிக்கு மூன்று நான்கு செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படம் பிடிப்பார்கள். மேலே தாள் கூடக் கூட அடியில் இருக்கும் நிறம் மங்கும். ஒரே பெண்ணின் உடல் ஒரு தாளிலும் அசையும் கை வேறு தாளிலும் இருந்தால், இரண்டுக்கும் சற்று வேறு வண்ணம் பூசினால்தான் திரையில் ஒரே தோலாகத் தெரியும். ஒரு தாளில் ஒரு பொத்தானுக்கு வண்ணம் மாறிப்போனாலும் ஓடும்போது 'படக்'கென்று மினுங்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'இரோபாகா'. அதைப் பிடிக்கும் வேலை கென்ஸா, அதாவது சரிபார்ப்பு.

இதற்கெல்லாம் மேலே இருப்பவர்தான் கலர் டிசைனர். ஜப்பானிய மொழியில் ஷிகிசாய் செக்கெய். ஒரு பாத்திரத்தின் தோல், தோலின் நிழல், முடி, முடியில் விழும் ஒளி, சட்டை, ரிப்பன் என்று ஒவ்வொன்றுக்கும் நிறம் தீர்மானிப்பவர். பகலுக்கு ஒரு அட்டவணை. அதே பெண் சாயங்கால வகுப்பறையில் நின்றால் எல்லாமே மாறும். இரவில் மறுபடி மாறும். மழையில், தெருவிளக்கின் கீழ், நினைவுக் காட்சியில் என்று அட்டவணை நீளும். பின்னணி ஓவியம் கலை இயக்குநரின் கையில். அந்த ஓவியத்துக்குள் பாத்திரம் ஒட்டவைத்த மாதிரி இல்லாமல் உண்மையிலேயே நிற்க வேண்டும். அதுதான் இவர் பொறுப்பு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வேலை ஓடும் வரிசையைப் பார். கதைப்பலகை, லேஅவுட், கெங்கா எனும் முக்கிய வரைபடங்கள், திருத்தம், தோகா எனும் இடைப்படங்கள், அப்புறம்தான் ஷிஆகே. அதற்குப் பின்னால் படப்பிடிப்பு மட்டுமே. ஒளிபரப்பு நாள் நகராது. மேலே யார் தாமதித்தாலும் அந்தத் தாமதம் முழுக்க வண்ண மேசையில் வந்து விழும். என் முதல் வேலையிடத்தில் வெள்ளி இரவு பத்து மணிக்கு ஒரு கட்டு வரும், திங்கள் காலை முடிந்திருக்க வேண்டும். யார் அவசரப்பட்டு வரைந்தார், எந்தக் கோடு மூடாமல் விடப்பட்டிருக்கிறது, எந்தக் காட்சியை யாரும் சரிபார்க்கவே இல்லை, எல்லாம் எங்கள் கண்ணில்தான் முதலில் படும். ஒரு தயாரிப்பின் உடல்நிலை முழுக்கத் தெரியும் இடம் அது. அதைத் தெரிந்தவர் நிறுவனம் நடத்தினால் வேறு மாதிரித்தான் நடத்துவார் என்று நம்புகிறேன்.

#4 மழைக்காகம்

செவ்வந்தி, நல்ல இழை. வண்ணப் பெண்கள் என்று பேச்சு வந்த பிறகு மிச்சியோ யசுதாவைச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

1939-இல் தோக்கியோவில் பிறந்தவர். 1958-இல் தொஎய் தோகாவில் ஷிஆகே வேலையில் சேர்ந்தார். அந்த ஸ்டுடியோவின் தொழிற்சங்கத்தில்தான், பின்னால் ஜிப்லி ஸ்டுடியோவின் இயக்குநர்களான இஸாவோ தகாஹதாவையும் ஹயாவோ மியாசாகியையும் அறிந்தார். பின்னால் 'தாயைத் தேடி 3000 லீக்' தொடரில் வேலை, அப்புறம் கோனன், நவுஸிகா, அதன்பின் ஜிப்லியின் வண்ணம் முழுவதும் அவர் பொறுப்பு. லபூதா, கிகி, மொனொனொகே, ஸ்பிரிட்டட் அவே, ஹவுல், பொன்யோ. நாம் 'ஜிப்லி நிறம்' என்று சொல்கிறோமே, அதில் பாதி அவர் கண்.

1988-ஐ நினைத்துப் பாருங்கள். டொடொரோவும் 'மின்மினிகளின் கல்லறை'யும் ஒரே நாளில், ஏப்ரல் 16 அன்று, சேர்ந்து திரைக்கு வந்தன. இரண்டு இயக்குநர்களுக்கும் அவர் வேண்டும். ஒரு பக்கம் கோடைக்கால மரமும் மழையும், மறுபக்கம் குண்டுவீச்சில் எரியும் கோபே நகரம். மின்மினிகள் படத்தில் பாத்திரங்களின் கோடு கறுப்பு இல்லை, பழுப்பு. வழக்கமான கறுப்புக் கோடு அந்தக் குழந்தைகளைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்துக் காட்டும். பழுப்பு வைத்ததும் கோடு உள்ளே அமிழ்ந்துவிட்டது. செத்ஸுகோவின் கன்னம் நாளாக ஆக எப்படி மாறுகிறது என்று ஒருமுறை அதை மட்டுமே பாருங்கள். யாரும் வசனத்தில் சொல்வதற்கு முன்பே அந்தக் குழந்தை பிழைக்கமாட்டாள் என்று நிறம் சொல்லிவிடும். நான் அந்தப் படத்தை மூன்று முறைக்கு மேல் பார்க்க முடிந்ததில்லை.

1999-இல் யமாதா குடும்பம் படத்தில் ஜிப்லி முழுக்கக் கணினிக்கு மாறியபோது யசுதாவுக்கு அறுபது வயது. நாற்பது வருடம் தூரிகை பிடித்தவர், மாறி, அதிலும் தலைமையாகவே இருந்தார். பொன்யோவுடன் ஓய்வு. பிறகு 2013-இல் 'காற்று எழுகிறது' படத்துக்காகத் திரும்பி வந்தார். 2016 அக்டோபர் 5 அன்று, 77 வயதில் காலமானார்.

ஹத்தாவுக்கும் இவருக்கும் ஒரே தொழில். ஒருவர் இரண்டு மேதைகளின் பக்கத்தில் நின்று உச்சத்துக்குப் போனார். இன்னொருவர் ஊரைவிட்டு விலகிப் போய், தனக்கென்று ஒரு இடத்தைக் கட்டினார். எது பெரிது என்று கேட்கவே எனக்கு மனம் வரவில்லை.

#5 பனைநிழல்

செவ்வந்தி, உங்கள் எழுத்தை மதிக்கிறேன். ஆனால் இரண்டு இடத்தில் உடன்பட முடியவில்லை.

ஒன்று. கியோஆனி தன் ஆட்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறது, தாளுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதில்லை என்பதைத்தானே அதன் முதல் குணமாக எல்லாரும் சொல்கிறோம்? அதற்குக் காரணம் இடம் என்பது என் கருத்து. தோக்கியோவில் நெரிமா, சுகினாமி வட்டாரங்களைச் சுற்றினால் தனியாக வேலை செய்யும் ஓவியர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். இன்று ஒருவர் வரவில்லையென்றால் நாளை இன்னொருவர். உஜியில் யார் இருக்கிறார்? ஒருவரைப் பழக்கி எடுத்துவிட்டு அவரை இழந்தால் அவ்வளவுதான். அதனால் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம். இது பெருந்தன்மையிலோ வண்ணப் பார்வையிலோ வந்ததில்லை, நிலவியலில் வந்தது.

இரண்டு. தரம் என்றால் எனக்கு யோஷிஜி கிகாமிதான். 1990 வாக்கில் அங்கே வந்தவர். அதற்கு முன்பே அகிராவிலும், மழைக்காகம் சொன்ன அதே மின்மினிகள் படத்திலும் வரைந்தவர். அவர் வந்து பாடம் சொல்லிக்கொடுத்த பிறகுதான் அங்கே வரைபவர்கள் என்று ஒரு பரம்பரையே உருவானது. தொடங்கியவருக்கு மரியாதை கொடுக்கலாம். அதற்காக மற்றவர்கள் வளர்த்ததையும் அவர் கணக்கில் எழுதக் கூடாது.

#6 செவ்வந்தி

பனைநிழல், நிலவியல் வாதம் வலுவானது. ஆளே கிடைக்காத ஊரில் ஆளை வளர்த்தாக வேண்டும் என்பது உண்மை. அதை நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். ஆள் இல்லாத ஊரில் இருக்கும் ஸ்டுடியோவுக்கு இன்னொரு வழியும் உண்டு. கடைசிவரை மலிவான வண்ண வேலையை மட்டும் எடுத்துச் செய்துகொண்டே இருக்கலாம். அப்படி வந்து அப்படியே மறைந்த ஷிஆகே கடைகள் ஜப்பானில் நிறைய. இவர்கள் அங்கே நிற்கவில்லை. அவர்கள் வளர்ந்த திசையைப் பாருங்கள்.

முஷி புரோவின் வாரிசுகள் என்று மூன்று ஸ்டுடியோக்களை எடுத்துக்கொள்வோம். 1972-இல் தொடங்கிய மேட்ஹவுஸில் தெஸாகி, ரின்தாரோ போன்ற இயக்குநர்கள் இருந்தார்கள். அதே வருடம் தொடங்கிய சன்ரைஸ், முஷி புரோவின் தயாரிப்பு நிர்வாகத்தில் இருந்தவர்கள் பிரிந்து வந்து வைத்தது. மூன்றாவது கியோஆனி, வண்ணம் பூசியவர் தொடங்கியது. முதல் இரண்டும் முன்னால் கதையையும் திட்டத்தையும் வைத்துக்கொண்டு, பின்னால் உள்ள வேலைகளை வெளியே கொடுத்தன. அந்த வெளிவேலையைத்தான் ஹத்தா வீட்டில் தொடங்கிய குழு செய்தது. தத்ஸுனொகோ, சன்ரைஸ் வேலைகள் எல்லாம் அப்படி வந்தவை.

அதன்பின் இவர்கள் வரிசையில் பின்னாலிருந்து முன்னே நடந்தார்கள். முதலில் வண்ணம். அடுத்து இடைப்படம், முக்கிய வரைபடம். பிறகு இனுயாஷா மாதிரித் தொடர்களில் முழு அத்தியாயத்தையே எடுத்துச் செய்தார்கள். அந்த அத்தியாயங்கள் மட்டும் தனியாகத் தெரிந்தன. 2003-இல் 'ஃபுல் மெட்டல் பானிக்? ஃபுமொஃபு', அவர்கள் முழுதாகப் பொறுப்பேற்ற முதல் டிவி தொடர். ஏர் 2005, ஹருஹி 2006, லக்கி ஸ்டார் 2007, கே-ஆன் 2009. அப்புறம் தாங்களே எழுத்துப் போட்டி வைத்து, 2011-இலிருந்து தாங்களே நாவல் வெளியிட்டு, அதிலிருந்து படம் எடுக்கும் இடம்வரை போய்விட்டார்கள். முடிப்பு வேலையில் தொடங்கிக் கதை பிறக்கும் இடத்துக்கு வந்து சேர இருபது முப்பது வருடம் ஆகியிருக்கிறது. இந்தத் திசையில் நடந்த வேறு பெரிய ஸ்டுடியோ எனக்குத் தெரிந்து இல்லை.

வண்ண மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த ஆசை புரியும். கோடு மூடாமல் வருகிறதா? வரைபவர் பக்கத்து அறையில் இருந்தால் எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். அந்தி வெளிச்சம் பின்னணியோடு ஒட்டவில்லையா? கலை இயக்குநரின் மேசைக்குப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் வேலையில் இதெல்லாம் மின்னஞ்சலில் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பி வரும். எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் என்பது கடைசி மேசையில் இருப்பவர் தினமும் வேண்டிக்கொள்ளும் விஷயம். அது கிடைத்த ஸ்டுடியோ அவர் தொடங்கியது என்பதைத் தற்செயல் என்று என்னால் விடமுடியவில்லை.

கிகாமியைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கமாட்டேன்.

#7 வடக்குரதவீதி

நான் ஒசாகாவில் நான்கு வருடம் படித்தேன். கெய்ஹான் உஜி ரயில் தடத்தில் பலமுறை போயிருக்கிறேன். அந்த இடம் எப்படி இருக்கும் என்று சொன்னால் இந்த விவாதத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

ஸ்டுடியோவின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊர்ப்பெயரே வேடிக்கையானது. ஒரே எழுத்துகள்தான். ஜேஆர் நிலையத்தில் கொஹாதா என்று படிப்பார்கள், கெய்ஹான் நிலையத்தில் கொவாதா என்று படிப்பார்கள். இறங்கினால் அமைதியான குடியிருப்பு. மாடியில் துணி காயும் வீடுகள், சின்னக் கடைகள், குறுகிய தெரு. உலகப் புகழ் பெற்ற ஸ்டுடியோ இங்கேயா என்று தோன்றும். தோக்கியோ அங்கிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல். அக்காலத்தில் இணையத்தில் அனுப்பும் வசதி கிடையாது. வரைபடக் கட்டு வர வேண்டும், பூசிய செல்கள் கீறல் படாமல் திரும்பிப் போக வேண்டும். இத்தனை தொலைவிலிருந்து வேலை எடுக்கிறவர், 'இவர்களிடம் கொடுத்தால் திருத்தம் வராது' என்ற பெயர் வாங்கினால்தான் பிழைக்க முடியும். அக்காவின் வாதத்தோடு பனைநிழலின் நிலவியலும் அங்கே ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

பக்கத்துவீட்டுப் பெண்கள் என்ற பகுதியும் அந்தத் தெருவில் நின்றால் இயல்பாகத் தெரியும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, கை நிதானமும் பொறுமையும் உள்ளவர்கள் வந்து உட்கார்ந்து செய்யும் வேலை. அவர்களில் யார் பெயரும் நமக்குத் தெரியாது.

'ஹிபிகே! யூஃபோனியம்' தொடரில் வரும் ஆறும் பாலமும் ரயிலும் எல்லாம் அந்த உஜிதான். வேலை செய்யும் ஊரையே வரைந்திருக்கிறார்கள்.

#8 மழைக்காகம்

உஜி என்றதும் 2019 ஜூலை 18 நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. கியோட்டோவின் ஃபுஷிமியில் இருந்த முதலாம் ஸ்டுடியோவுக்கு ஒருவன் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தான். 36 பேர் போனார்கள். பனைநிழல் சொன்ன கிகாமியும் அதில் ஒருவர். இந்த இழைக்குச் சொந்தமான இன்னொரு பெயரும் உண்டு. நவோமி இஷிதா. ஹருஹி, 'கோயே நோ கதாச்சி', 'லிஸ்ஸும் நீலப் பறவையும்', இவற்றின் கலர் டிசைனர்.

கோயே நோ கதாச்சியில் காது கேளாத அந்தப் பெண்ணின் உலகம் எவ்வளவு மென்மையான ஒளியில் இருக்கிறது என்று நாம் எல்லாரும் எழுதியிருக்கிறோம். அந்த ஒளியை அட்டவணையாக எழுதிக் கொடுத்தவர் இவர். நான் அந்தப் படத்தை 2017-இல் பார்த்தேன். அவர் பெயரை 2019 ஆகஸ்டில், இறந்தவர்களின் பெயர் வெளியானபோதுதான் முதலில் படித்தேன். அது எனக்கு இன்றும் வருத்தம்.

#9 செவ்வந்தி

அண்ணா, நானும் அப்படித்தான். அன்று மாலை வேலையில் உட்கார்ந்திருந்தேன், திரையில் அட்டவணை திறந்திருந்தது, கை ஓடவில்லை.

அந்தத் தீயில் காகிதத்தில் இருந்த வரைபடங்கள் எரிந்துபோயின. ஆனால் தரைத்தளத்தில் கான்கிரீட் சுவருக்குள் இருந்த சர்வரிலிருந்து தரவுகளை மீட்டார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் செய்தியின் கனம் வேறு. ஸ்கேன் ஆன வேலை ஏதோ மிஞ்சியிருக்கிறது என்று அன்று எவ்வளவு பேர் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

வயலட் எவர்கார்டனின் கிளைக்கதைப் படம் தீக்கு முந்தைய நாள்தான் முடிந்திருந்தது. செப்டம்பர் 6 அன்று வெளியிட்டார்கள். வழக்கமாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவர்களின் பெயர் அவர்கள் படங்களில் போடப்படாது. இதில் பங்கெடுத்த எல்லார் பெயரையும் போட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பெயரும் வந்தது. உலகம் முழுவதிலிருந்தும் 330 கோடி யென்னுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது.

1981-இல் பக்கத்துவீட்டுக்காரர்களோடு தொடங்கிய ஒருவருக்கு அந்தப் பட்டியல் என்னவாக இருந்திருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. ஹத்தா பொதுவெளியில் அதிகம் பேசுகிறவர் இல்லை. நான் ஊகித்து எழுதவும் மாட்டேன். ஆனால் அடுத்த வருடமே, 2020 செப்டம்பரில், வயலட்டின் முழுநீளப் படம் வந்துவிட்டது. தொடர்ந்து வேலை செய்கிறார்கள்.

#10 வடக்குரதவீதி

அக்கா, ஒரு சிறு தகவல். தீ நடந்த இடத்தில் பொது நினைவிடம் வேண்டாம், வருபவர்கள் கூட்டம் தாங்க முடியாது என்று அந்தத் தெருக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். குடியிருப்புப் பகுதிதானே, நியாயம்தான். 2024 ஜூலையில் உஜியில், தேயிலை வரலாற்றுப் பூங்காவில் நினைவுச் சின்னம் வைத்தார்கள். அதில் 36 பறவைகள். பெயர்கள் எழுதவில்லை. போகிறவர்கள் அங்கே போய் நின்றுவிட்டு, ஸ்டுடியோ இருக்கும் தெருக்களைத் தொந்தரவு செய்யாமல் வருவது நல்லது.

#11 பனைநிழல்

இரண்டு நாள் யோசித்துவிட்டு வருகிறேன்.

பின்னாலிருந்து முன்னே வளர்ந்தது என்ற வாதத்தை ஏற்கிறேன். மேட்ஹவுஸ், சன்ரைஸ், கியோஆனி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் ஒருபோதும் பார்த்ததில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒவ்வொருவரும் வேறு வேறு அறையிலிருந்து புறப்பட்டிருக்கிறார்கள். முஷி புரோ 1973-இல் திவாலானது என்பதையும் இதில் சேர்க்க வேண்டும். அவசரமாக எடுத்து, குறைந்த காசுக்கு விற்று, அந்தப் பாரத்தில் சரிந்த இடம். அங்கே வேலை பார்த்தவர் தொடங்கிய நிறுவனம் வருடத்துக்குக் கொஞ்சம் படைப்புகளே எடுப்பதும், ஆட்களை வைத்துக்கொள்வதும் பொருத்தமாகவே படுகிறது.

சம்பளத்தில் மட்டும் நான் இன்னும் என் பக்கத்திலேயே நிற்கிறேன். இடம்தான் முதல் காரணம். ஆனால் ஆளை வளர்த்தாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, தாளுக்கு இவ்வளவு என்ற கணக்கில் கஷ்டப்பட்ட தொழிலைத் தெரிந்தவர் முடிவெடுக்கும் நாற்காலியில் இருந்தார். அந்த அளவுக்கு வருகிறேன்.

#12 செவ்வந்தி

போதும், அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. என்னிடம் ஆதாரமாக இருப்பது நடந்தவற்றின் வரிசை மட்டுமே. அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

ஓலைவிசிறி, எங்கே போய்விட்டாய்? உனக்கு ஒரு வேலை. ஹிபிகே! யூஃபோனியம் முதல் தொடரையும் 'லிஸ்ஸும் நீலப் பறவையும்' படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார். ஒரே பள்ளி, ஒரே இசைக்குழு. கலை இயக்குநரும் ஒருவரேதான், முத்ஸுவோ ஷினோஹாரா. ஆனால் தொடருக்குப் பாத்திர வடிவமைப்பு ஷோகோ இகேதா, கலர் டிசைன் அகியோ தகேதா. படத்துக்கு வடிவமைப்பு ஃபுதோஷி நிஷியா, கலர் டிசைன் நவோமி இஷிதா. கதையைக் கவனிக்காதே. முடியையும் நிழலையும் மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்.

#13 ஓலைவிசிறி

அக்கா, நேற்று ராத்திரி பார்த்தேன். அங்கங்கே நிறுத்தி நிறுத்தி.

தொடரில் முடி பளபளவென்று இருக்கிறது. ஒளி பட்ட இடம் தனியாகத் தெரிகிறது, பித்தளை வாத்தியங்களுக்குப் பக்கத்தில் அவர்களும் மின்னுகிற மாதிரி. நிழல் அடர்த்தி. படத்தில் அந்தப் பளபளப்பு அடங்கிவிட்டது. நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் வித்தியாசம் குறைவு, எல்லாமே கொஞ்சம் வெளிறி, நீலம் கலந்து, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல. இடையில் வரும் லிஸ் கதை வேறு உலகம், நீர்வண்ணப் புத்தகம். அங்கிருந்து பள்ளிக்குத் திரும்பும்போது பள்ளி இன்னும் சில்லென்று இருக்கிறது.

மிஸொரே படியில் உட்கார்ந்து நொஸொமிக்காகக் காத்திருக்கும் தொடக்கத்தை மட்டும் நான்கு முறை பார்த்தேன். அவள் ஒன்றுமே பேசவில்லை. ஆனால் நொஸொமி வந்ததும் ஏதோ மாறுகிறது. அது நிறத்திலா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?

#14 செவ்வந்தி

ஐந்தாவது முறை பார். சத்தத்தை நிறுத்திவிட்டு.